நடுவில் நிழல் விழாத கண்ணாடி

போளூரில் எங்கள் தெருவின் மொட்டை மாடிகளில் டிவி டிஷ்களைப் பாருங்கள். அலைகளை வாங்கும் கருவியைத் தாங்கும் கம்பி கீழ்விளிம்பிலிருந்து நீண்டிருக்கும்; தட்டின் நடுவே எதுவும் மறைக்காது. ஒளியை ஓரமாகத் திரட்டும் அச்சுவிலகு தொலைநோக்கியின் அடிப்படையும் இதுதான்.

இங்கிருந்து ஜமுனாமரத்தூர் வழியாக மலையேறினால் காவலூர். அங்கே 1986-இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். முதன்முதலில் அண்ணாந்து பார்த்தபோது, மேல்வாயின் நட்டநடுவே நின்ற அமைப்பைக் கண்டு வியந்தேன். ஒளி திரளும் இடம் அது. வரும் ஒளியில் ஒரு பங்கை மறைப்பதும் அதுவே. இத்தகைய தொலைநோக்கிகளில் தாங்கு கம்பிகளின் ஓரத்தில் ஒளி விலகிப் பரவுவதால்தான் படங்களில் நட்சத்திரங்களுக்குக் கூர்முனைகள் முளைக்கின்றன.

நடுவை விட்டு ஓரத்திலிருந்து பார்க்கும் எண்ணம் பழையது. வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1789-இல் முடித்த 40 அடி தொலைநோக்கியில் கண்ணாடியைச் சற்றே சாய்த்து, குழாயின் விளிம்பிலிருந்து பார்த்தார். அக்கால உலோகக் கண்ணாடி ஒளியை நிறைய விழுங்கும். ஒளியைத் திருப்பும் இரண்டாவது கண்ணாடியைத் தவிர்த்து, கிடைத்த ஒளியைக் காப்பாற்றினார்.

இன்று அச்சுவிலகு தொலைநோக்கிகளுக்குப் பெரிய பரவளையத்தின் ஓரத்துண்டு போலவே கண்ணாடியை உருவாக்குகிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாத அந்த வளைவைத் தேய்ப்பதும் பொருத்துவதும் கடினம். பலன் பெரிது: ஒளிச்சிதறல் குறைகிறது, சூரியப் புள்ளிகளின் நுட்பம் தெளிகிறது. உதய்ப்பூர் ஃபதேசாகர் ஏரியில் 50 செ.மீ. சூரியத் தொலைநோக்கி இவ்வகையே.

தெருப் பிள்ளைகளுக்கு நான் டிஷ்ஷைத்தான் முதலில் காட்டுகிறேன். பிறகு காவலூர் மலையை.