ஃபைனல் வால்வைப் பணியவைத்த காலம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத்கிட் நிறுவனம் 1970-களில் எச்டபிள்யூ-101 என்ற டிரான்ஸ்சீவரை உதிரிபாகங்களாகவே பெட்டியில் போட்டு விற்றது. வாங்கிய ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒவ்வொரு ரெசிஸ்டரையும் தானே சால்டர் செய்து செட்டை முடிப்பார். அதன் பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கும். ஃபைனல் கட்டத்தில் உள்ள இரண்டு 6146 வால்வுகளை நியூட்ரலைஸ் செய்யவேண்டும். அதைச் செய்யாமல் ஆன்டெனாவை இணைப்பது ஆபத்து.

காரணம் வால்வுக்குள்ளேயே இருக்கிறது. 6146-ல் சிக்னல் நுழையும் கிரிட்டுக்கும் அது பெருகி வெளிவரும் பிளேட்டுக்கும் நடுவே சுமார் 0.24 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 28 மெகாஹெர்ட்ஸில் அந்த வழியாகச் சிக்னல் கசிவது, 3.5 மெகாஹெர்ட்ஸில் கசிவதைவிட எட்டு மடங்கு எளிது. பிளேட்டில் பெருகிய சக்தியில் ஒரு துளி கிரிட்டுக்குத் திரும்பிவிட்டால், ஸ்பீக்கர் முன்னால் பிடித்த மைக் வீறிடுவதுபோல் வால்வு தன் போக்கில் ஆடத் தொடங்கும். கீயைத் தட்டினால் மட்டும் வேலை செய்யவேண்டிய ஆம்ப்ளிஃபயர், கேட்காமலே சிக்னல் உண்டாக்கும் ஆசிலேட்டராகிவிடும். கரண்ட் எகிறும், பிளேட் சிவக்கும், விலையுயர்ந்த வால்வு வீணாகும்.

மருந்தை 1920-களிலேயே லூயிஸ் ஹேசல்டைன் தன் நியூட்ரோடைன் ரிசீவரில் காட்டியிருந்தார். திரும்பி வரும் சிக்னலுக்குச் சமமாக, நேர்எதிர்த் திசையில் இன்னொரு சிக்னலை ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதுதான் நியூட்ரலைஸ் செய்வது. வால்வு டிரான்ஸ்மிட்டர்களின் ஃபைனலுக்கும் அந்த அடிப்படைதான் கைகொடுத்தது.

அந்தச் சிறு கெப்பாசிட்டரைச் சரியான இடத்தில் நிறுத்துவதுதான் கைவேலை. கென்வுட் டிஎஸ்-520 செட்டின் பின்பக்கத்தில் ஸ்கிரீன் கிரிட் வோல்டேஜைத் துண்டிக்க ஒரு சுவிட்சே வைத்திருந்தார்கள். அதை அணைத்துவிட்டு டிரைவ் (உள்ளீட்டுச் சிக்னல்) கொடுத்தால் வால்வு பெருக்காது. ஆகவே, ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைத்த டம்மி லோடில் அப்போது தென்படும் சிக்னல் எல்லாம் வால்வின் வழியே கசிந்து வந்ததுதான். மீட்டரைப் பார்த்தபடி, பிளாஸ்டிக் டியூனிங் குச்சியால் கெப்பாசிட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, முள் எங்கே அடிமட்டத்துக்கு இறங்குகிறதோ அங்கே நிறுத்தவேண்டும். உலோக ஸ்க்ரூடிரைவர் உதவாது. அதுவே கெப்பாசிட்டன்ஸைக் கூட்டிவிடும், கையை எடுத்ததும் அளவு மாறிவிடும். தவிர, பிளேட்டில் பல நூறு வோல்ட் நிற்கிறது. ஒரு தொடுதல் உயிரைப் பறிக்கப் போதும்.

பிறகு முழு வோல்டேஜில் ஒரு சோதனை. பிளேட் டியூனிங்கைத் திருப்பும்போது பிளேட் கரண்ட் தாழும் இடமும் அவுட்புட் உச்சம் தொடும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டும் விலகி நின்றால் மறுபடி குச்சியை எடுக்கவேண்டியதுதான்.

இன்று ஐகாம் ஐசி-7300 வாங்குபவருக்கு இதில் எதுவும் வேண்டாம். 13.8 வோல்ட்டில் ஓடும் ஒரு ஜோடி மாஸ்ஃபெட்கள் 100 வாட் தருகின்றன. பேண்டை மாற்றினால் ஃபில்டரும் தானே மாறுகிறது. டியூன் செய்ய பிளேட்டே இல்லை. இத்தகைய அகலப் பட்டை ஆம்ப்ளிஃபயர்களில் வடிவமைப்பாளர்கள் அவுட்புட்டில் கொஞ்சத்தை, எதிர்த்திசையில், வேண்டுமென்றே உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்புவதுண்டு. எல்லா அலைவரிசையிலும் பெருக்கம் சீராக இருக்கவும் சர்க்யூட் நிலையாக இருக்கவும் அந்த ஏற்பாடு. அன்று ஹாம் தன் மேசையில் கைவேலையால் வரவழைத்த நிலைத்தன்மையை இன்று தொழிற்சாலையிலேயே சர்க்யூட்டுக்குள் கட்டிவிடுகிறார்கள்.

இது பெரிய முன்னேற்றம். புதிதாக லைசன்ஸ் வாங்கிய மாணவர் உயிர்ப்பயமில்லாமல் அன்றைக்கே பேசத் தொடங்கலாம். ஆனாலும் சக்தி எந்த வழியே போகிறது, எந்த வழியே திரும்புகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்கும் வாய்ப்பை அந்த முள்தான் கொடுத்தது. எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அதை நான் மேலாக மதிக்கிறேன்.

பழைய செட்டுகள் இன்னும் ஒலிக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பழைய ஸ்டாக்கிலிருந்து வால்வு தேடிப் போடுகிறார்கள். 6146 இருந்த இடத்தில் 6146பி வரலாம், ஒரு கம்பெனி வால்வுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பெனியுடையது அமரலாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் வால்வுக்கு வால்வு சற்று மாறும். ஆகவே ஜோடி மாறும்போதெல்லாம் ஸ்கிரீன் வோல்டேஜை அணைத்து, டிரைவ் கொடுத்து, அந்த முள்ளைத் திரும்பவும் அடிமட்டத்துக்கு இறக்கியாகவேண்டும்.