சும்மா கிடக்கிற நிலத்தில் எரிபொருள் விளையுமா?

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் இரண்டு, மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. பாகம் பிரித்தபோது வந்ததாக இருக்கும். "சும்மாதானே கிடக்கு, ஏதாவது போட்டா என்ன?" என்று மச்சானோ சித்தப்பாவோ கேட்காத வருஷம் கிடையாது. இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுவது, எரிவாயு தயாரிக்க நேப்பியர் புல். களர் நிலத்திலும் வளருமாம், மண்ணுக்கு ஒரு 'பூஸ்டர்' போட்டால் போதுமாம்.

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம். அப்போது அதன் பெயர் காட்டாமணக்கு. தரிசில் அதை நட்டு டீசல் எடுக்கலாம் என்று மத்திய திட்டக் குழுவின் 2003 அறிக்கை சொன்னது. ஹெக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரை கிலோ விதை. எக்செல் ஷீட்டில் பார்க்க அழகான கணக்குதான். ஆனால் கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, கட்டுப்படியாகவில்லை, தண்ணீர் வசதி இருந்தால்தான் பேச்சே என்றது. காட்டாமணக்கு வறட்சியில் சாகாது, உண்மைதான். சாகாமல் இருப்பது வேறு, காய்ப்பது வேறு.

சரி, மண்ணைத் திருத்த முடியாதா? முடியும். ஆனால் எந்த மண்ணுக்கு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. களர் மண்ணில் களித்துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். வெளியே வந்த சோடியத்தை என்ன செய்வது? பாத்தி கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழ வேண்டும். தண்ணீரும் வடிகாலும் இல்லாத நிலத்தில் ஜிப்சம் மூட்டையை மட்டும் கொட்டினால் காசுதான் கரையும்.

இப்போது பெரிதாகப் பேசப்படும் உயிர்க்கரியும் அப்படித்தான். மணல் பாங்கான, அமிலத் தன்மையுள்ள மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்க உதவும். ஆனால் அது பெரும்பாலும் காரத் தன்மை கொண்டது. களர் மண்ணில் யோசிக்காமல் போடக்கூடாது. செம்மண் மேட்டுக்கு நம் ஊர்க் கண்மாய் வண்டல் போதும். விவசாயிகள் அதை இலவசமாக அள்ள 2017-லிருந்தே தமிழக அரசு அனுமதி தருகிறது.

நேப்பியருக்கு வருவோம். 2018-இல் தொடங்கிய மத்திய அரசின் சதத் திட்டம், உயிரி எரிவாயுவை எண்ணெய் நிறுவனங்களே வாங்க வழி செய்தது. சந்தை இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வருஷத்துக்குப் பலமுறை அறுக்கும் புல் அது. ஒவ்வொரு அறுப்பிலும் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் லாரி ஏறிப் போகின்றன. வாயு எடுத்தபின் மிஞ்சும் கழிவில் அந்தச் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். அது திரும்ப நம் நிலத்துக்கு வருமா, யார் செலவில்? ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். இல்லையென்றால் ஏழை மண்ணை இன்னும் ஏழையாக்கித்தான் வாயு எடுக்கிறோம்.

அப்புறம், அந்த 'சும்மா'. நாம் சிகாகோவிலோ சிட்னியிலோ இருந்து பார்க்கும்போதுதான் அது சும்மா கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆடுகள் வருஷம் முழுக்க அங்கேதான் மேய்கின்றன. கையெழுத்துப் போடும் முன் அவருக்கும் ஒரு போன் போடலாம். எந்த மூலையில் உப்புப் பூக்கிறது, எங்கே மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.