சரியான விடை, தவறான காரணம்

ஏழாம் வகுப்பில் தசம எண்கள் பாடம் முடித்த வாரம், வளரறி மதிப்பீடு (ஆ)வுக்காக ஒரு சிறு தேர்வு வைத்தேன். '0.5, 0.35, 0.125 – இவற்றுள் பெரியது எது?' என்பது அதில் ஒரு வினா. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் 0.5 என்று சரியாக எழுதியிருந்தார்கள். மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் போயிருக்கிறேன். அன்று விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது முழு மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தியிடம், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

"புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு எண்தான் இருக்கு டீச்சர். அதனால அதுதான் பெருசு" என்றாள்.

கரும்பலகையில் 0.4, 0.75 என்று எழுதி, எது பெரியது என்றேன். தயங்காமல் 0.4 என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பத்தில் ஒரு பங்கு பெரியது, நூறில் ஒரு பங்கு அதைவிடச் சிறியது என்று நான் சொன்னதைச் சரியாகவே பிடித்திருந்தாள். எத்தனை பங்குகள் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். என் வினா அந்தக் குறையைக் காட்டவில்லை. மறைத்து, மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டது.

மறுநாள் ஆளுக்குக் கால் தாள் கொடுத்து, 0.4, 0.75 இரண்டில் பெரியது எது, ஏன் என்று ஒரே வரியில் எழுதச் சொன்னேன். 0.125, 0.3 என்ற இணைக்கும் அப்படியே. பெயர் உண்டு, மதிப்பெண் கிடையாது. மதிய இடைவேளையில் அந்தத் தாள்களைக் காரணத்தை வைத்து மூன்று அடுக்காகப் பிரித்தேன். முதல் அடுக்கு புரிந்தவர்கள். இரண்டாவது, 'இலக்கம் குறைந்தால் பெரியது' என்பவர்கள். மூன்றாவது, 125 என்பது 3-ஐவிடப் பெரியது, ஆகவே 0.125 பெரியது என்பவர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

மூன்றாவது அடுக்கைப் பார்த்தபோதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. 0.35-ஐ நான் வகுப்பில் 'பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து' என்றே வாசித்து வந்திருக்கிறேன். 'மூன்று ஐந்து' என்று வாசித்திருக்க வேண்டும். முப்பத்தைந்து என்று காதில் விழுந்தால் குழந்தை முப்பத்தைந்தாகத்தானே எடுத்துக்கொள்ளும்? இன்னொருவன் எழுதிய காரணம் கிரிக்கெட்டிலிருந்து வந்தது: 4.5 ஓவருக்குப் பிறகு ஒரு பந்து போட்டால் 5. அங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஆறில் பங்கு. அரை ஓவர் என்றால் 0.3. இதை ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம், பேசினோம்.

திருத்தக் கற்பித்தலுக்கு வழக்கமாக நாம் சொல்லும் குறுக்குவழி, 'பின்னால் சுழியம் சேர்த்துச் சமமாக்கி ஒப்பிடு' என்பது. விடை வந்துவிடும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது அடுக்கினரின் எண்ணம் அப்படியே உள்ளே கிடக்கும். ஆகவே அதைத் தள்ளிவைத்துவிட்டு, நூறு கட்டம் வரைந்த தாளில் 0.4-க்கு 40 கட்டமும் 0.75-க்கு 75 கட்டமும் வண்ணமடிக்கச் சொன்னேன். 0.125-க்குப் பன்னிரண்டரை கட்டம் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். சுழியம் சேர்ப்பது அதற்குப் பிறகு ஒருத்தியின் வாயிலிருந்தே வந்தது.

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40-ஐ நாம் மதிப்பெண்ணாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். பருவம் முடியும் வாரத்தில் எல்லாருக்கும் 36, 37 என்று நிரப்பியதை நம்மில் யார் மறுக்க முடியும்? நானும் நிரப்பியவள்தான்.

கால் தாளில் மதிப்பெண் போடாததற்கு ஒரு காரணம் உண்டு. 1988-இல் வெளியான ரூத் பட்லரின் ஆய்வில், இஸ்ரேல் பள்ளி மாணவர்களில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் கருத்துரை உதவவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படிப்பதில்லை என்பது நமக்கும் தெரிந்ததுதான்.

எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய நேரம் இருக்காது. பருவத்துக்கு மூன்று நான்கு கருத்துகளுக்கு மட்டும் செய்கிறேன், பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களாகப் பார்த்து. எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒளிச்சேர்க்கை நடத்தி முடித்த மறுநாள், 'மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருக்கிறார். பெரும்பாலோர் 'மண்ணிலிருந்து' என்று எழுதினார்களாம்.

இரண்டு வாரம் கழித்து என் வகுப்புக்கு மீண்டும் ஒரு கால் தாள் கொடுத்தேன். ஒப்பிடும் வினாவில் மூன்றாவது அடுக்கில் இருவர்தான் மிஞ்சினார்கள். துணிச்சலாக இன்னொன்றும் கேட்டிருந்தேன்: 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் எண் ஏதாவது உண்டா? முழு மதிப்பெண் வாங்கிய அந்த மாணவி உட்படப் பாதிப் பேர் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த பாடவேளையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.