கொலைச் சட்டத்தில் ‘திடீர் ஆத்திரமூட்டல்’: பெண்ணின் நிலையும் நல்லதங்காள் தீர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடுமையானதும் திடீரென நிகழ்வதுமான ஆத்திரமூட்டலால் தன்வசம் இழந்து ஒருவர் உயிர்க்கேடு விளைவிப்பின், அச்செயலைக் கொலையினும் குறைந்த குற்றமாகக் கருத இந்தியக் குற்றவியல் சட்டம் இடம் தருகிறது. ஆனால், ‘திடீர்’ என்னும் நிபந்தனை, நெடுங்காலம் வீட்டு வன்முறைக்கு ஆட்பட்ட பெண்ணுக்கு அச்சலுகையை எட்டாததாக்குகிறது. அந்நிபந்தனையின் பொருளையும், சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையின் துணைகொண்டு அதனைக் கடந்த முறையையும், இன்றைய சட்டநிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குற்றவியல் நீதி, பெண்கள், ஆத்திரமூட்டல், வீட்டு வன்முறை, நல்லதங்காள்

முன்னுரை

சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்பது இந்திய அரசமைப்பின் 14ஆம் உறுப்பு தரும் உறுதியாகும். குற்றவியல் சட்டங்கள் பெரும்பாலும் ஆண், பெண் என்று பிரித்துப் பேசுவதில்லை. எனினும், எல்லார்க்கும் பொதுவாகத் தோன்றும் ஒரு சொல், ஒருவகை மனிதரின் அனுபவத்தை மட்டும் மனத்திற்கொண்டு ஆளப்பட்டிருக்கக்கூடும். அத்தகைய சொல்லால் விளையும் அநீதி வெளிப்படையாகத் தெரிவதில்லை. கொலைக்குற்றத்தின் விதிவிலக்கில் இடம்பெற்றுள்ள ‘திடீர்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

‘திடீர்’ என்னும் அளவுகோல்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவில் கொலையை வரையறுத்து, அதற்கு ஐந்து விதிவிலக்குகளை வகுத்தது. முதல் விதிவிலக்கின்படி, கடுமையானதும் திடீரானதுமான ஆத்திரமூட்டலால் தன்னை அடக்கும் ஆற்றலை இழந்த ஒருவர், தம்மை ஆத்திரமூட்டியவருக்கு மரணம் விளைவித்தால் அது கொலையாகாது. கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை உண்டு. கொலையாகாத மரணக்குற்றத்திற்கோ பத்தாண்டுகளுக்கும் குறைவான தண்டனை விதிக்க நீதிமன்றத்திற்கு இடமிருக்கிறது. ஆகவே, இவ்விதிவிலக்கு ஒருவரின் எஞ்சிய வாழ்நாளையே தீர்மானிக்க வல்லது.

இதன் பொருளை 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மனைவியின் உறவை அறிந்த கடற்படை அதிகாரி ஒருவர், அவளோடு தொடர்புடையவரை 1959இல் சுட்டுக்கொன்ற வழக்கு அது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் சமூகப் பிரிவைச் சேர்ந்த இயல்பான மனிதர் ஒருவர் அந்நிலையில் தன்வசம் இழப்பாரா என்பதே அளவுகோல் என நீதிமன்றம் கூறியது. ஆத்திரம் தணியப் போதிய காலம் கடந்துவிட்டால் விதிவிலக்கு பொருந்தாது என்றும் கூறியது. வீட்டைவிட்டு வெளியேறியதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடந்திருந்தமையால், அவர் செய்தது கொலையே என முடிவாயிற்று.

இந்நெறியின் வேர் ஆங்கிலச் சட்டத்தில் உள்ளது. 1949ஆம் ஆண்டின் டஃபி வழக்கில், கணவனின் வன்முறைக்கு ஆளாகி வந்த பெண் ஒருத்தி, அவன் படுக்கையில் இருந்தபோது அவனைக் கொன்றாள். திடீரெனவும் தற்காலிகமாகவும் தன்வசம் இழந்திருத்தல் வேண்டும் என்னும் விளக்கம் அவ்வழக்கிலேயே நிலைபெற்றது; அப்பெண் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நெடுநாள் துன்புற்ற பெண்ணின் வழக்கே, அத்தகைய பெண்களை வெளியே நிறுத்தும் விதியைத் தந்தது என்பது கருதத்தக்கது.

அடிபட்டவளின் காலம்

உடல் வலிமையில் தன்னையொத்தவனோடு மோதுபவன் அக்கணமே கைநீட்டக்கூடும். பல ஆண்டுகள் அடிபட்டு வாழும் பெண்ணின் நிலை வேறு. அடிவிழும் நேரத்தில் எதிர்ப்பது அவளுக்கு மேலும் பேராபத்தாகும். பிள்ளைகள், பொருளாதாரச் சார்பு, பிறந்தவீட்டின் ஆதரவின்மை ஆகியவை அவள் வெளியேறுவதையும் தடுக்கின்றன. அவளது எதிர்வினை பெரும்பாலும் காலந்தாழ்ந்தே நிகழும். அக்கால இடைவெளியில் அவளது அச்சம் பெருகுகிறது. சட்டமோ அதே இடைவெளியில் ஆத்திரம் தணிந்திருக்கும் எனக் கொள்கிறது. ஆற்றாமையால் கடந்த நேரம் திட்டமிட்டதற்குச் சான்றாகிவிடுகிறது.

இங்கிலாந்தில் நிகழ்ந்த கிரண்ஜித் அலுவாலியா வழக்கு இதனை உணர்த்தும். பத்தாண்டுக்காலம் கணவனின் கொடுமைக்கு ஆளான அவர், 1989இல் உறங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீவைத்தார்; கொலைக்குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆயினும், ஆத்திரமூட்டல் என்னும் வாதத்தை அது ஏற்கவில்லை. உளப்பாதிப்பால் பொறுப்புநிலை குன்றியவர் என்னும் அடிப்படையிலேயே மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. அநீதி இழைக்கப்பட்டவர் என்ற முறையில் கிடைக்காத விடுதலை, நோயுற்றவர் என்ற முறையில் கிடைத்தது.

நல்லதங்காள் தீர்ப்பு

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1989இல், சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு வழியைக் கண்டது. கணவனின் கொடுமை தாளாத பெண் ஒருத்தி பிள்ளைகளுடன் கிணற்றில் விழுந்தாள். பிள்ளைகள் இறந்தனர், அவள் பிழைத்தாள். கொலைக்குற்றச்சாட்டு அவள்மேல் வந்தது. வறுமையாலும் அண்ணியின் புறக்கணிப்பாலும் ஏழு பிள்ளைகளையும் கிணற்றிலிட்டுத் தானும் மாய்ந்த நல்லதங்காளின் கதை தமிழ்நாட்டில் கதைப்பாடலாகவும் நாடகமாகவும் வழங்கிவருவது. இந்நிலையை அவள் பெயராலேயே நீதிமன்றம் சுட்டியது.

‘தொடர் ஆத்திரமூட்டல்’ என்னும் கருத்தை அத்தீர்ப்பு விளக்கியது. பல்வேறு கொடுமைகள் காலப்போக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. இறுதியில் நிகழ்வது மிகச் சிறியதாகவும் இருக்கலாம். இது முதல் விதிவிலக்கினின்று வேறுபட்டது என்பதை நீதிமன்றம் மறைக்கவில்லை. சட்டத்தில் எழுதப்படாததும் நீதிமன்றங்களால் சேர்க்கப்பட்டதுமான விதிவிலக்கு இது என வெளிப்படையாகவே ஏற்றது. அப்பெண்ணின் செயல் கொலையாகாத மரணக்குற்றமாகக் கொள்ளப்பட்டது.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்னும் குறட்கருத்தை அறிந்த சமூகத்திற்கு இத்தருக்கம் புதியதன்று. அச்சு முறிந்ததற்குக் கடைசியாக ஏற்றிய இறகை மட்டும் நிறுத்துப் பார்ப்பது முறையாகாது. 2013இல் குவாகாத்தி உயர் நீதிமன்றமும், தன்னை அடித்துவந்த கணவனின் இறப்பிற்குக் காரணமான பெண்ணின் வழக்கில், தொடர் வன்முறையின் விளைவைக் கருத்திற்கொண்டு கொலைக்குற்றத்தைக் குறைத்தது.

ஒரே கொடுமை, இருவேறு பார்வை

1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டது. பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய நடத்தையைக் கொடுமை என்று அப்பிரிவு வரையறுத்தது. தொடர்ந்த துன்பம் ஒரு பெண்ணை உயிர்விடும் எல்லைக்குத் தள்ளும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது என்பது இதன் பொருள். அதே பெண் கொலைக்குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, அதே துன்பத்திற்கு எழுதப்பட்ட சட்டத்தில் இடமில்லை. புகார் அளிப்பவளாக வரும்போது அவளது கடந்தகாலம் சான்றாகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவளாக வரும்போது கடைசி ஒரு கணமே அளக்கப்படுகிறது.

இங்கிலாந்து 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்நிலையை மாற்றிற்று. தன்வசம் இழத்தல் திடீரென நிகழவேண்டியதில்லை என அச்சட்டம் கூறுகிறது. இந்தியாவில் 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தன் 101ஆம் பிரிவில் பழைய விதிவிலக்கை ‘திடீர்’ என்னும் சொல்லுடன் அப்படியே ஏற்றுள்ளது.

முடிவுரை

திடீர்ச் சினத்திற்கு இரக்கம் காட்டும் சட்டம், நெடுந்துயருக்கு அதனை மறுப்பது சமநீதியாகாது. தொடர் ஆத்திரமூட்டலை நீதிமன்றங்கள் ஏற்றிருப்பினும், அது தீர்ப்புகளில் மட்டும் வாழும் கருத்தாகவே உள்ளது. தேர்ந்த வழக்கறிஞர் அமைந்த பெண்ணுக்கு அது கிட்டலாம்; விசாரணை நீதிமன்றத்தில் தன் கதையைச் சொல்லவும் வாய்க்காத ஏழைப் பெண்ணுக்குக் கிட்டாமலும் போகலாம். விதிவிலக்கில் தொடர் ஆத்திரமூட்டலையும் எழுத்தில் சேர்ப்பதே இதற்குத் தீர்வாகும். அவ்வாறு சேர்ப்பது கொலையை நியாயப்படுத்துவதாகாது; குற்றம் குற்றமாகவே நிற்கும். அக்குற்றத்திற்குமுன் நிகழ்ந்த ஆண்டுகளும் நீதியின் கணக்கில் சேரும். நல்லதங்காளின் துயரைத் தமிழ்ச் சமூகம் அவள் விழுந்த கணத்தை மட்டும் கொண்டு அளந்ததில்லை. அவள் நடந்துவந்த வழி முழுவதையும் சேர்த்தே பாடிவந்துள்ளது.