உஷார்! 'ஓ.எல். போதும்' என்றால் காசு கட்டாதீர்கள்

உயர்தரப் பெறுபேறு வந்து ஒரு கிழமை ஆகியிருக்காது, துண்டுப்பிரசுரங்கள் வந்துவிடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில், பஸ் நிலையத்தில், டியூட்டரி வாசலில் என்று கையில் திணிக்கிறார்கள். "ஓ.எல். சித்தி போதும். வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பட்டம்." பெற்றோரே, தயவுசெய்து அந்த முதல் வரியில் நில்லுங்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் எல்லோரும் "அந்தப் பல்கலைக்கழகம் உண்மையானதா?" என்று மட்டும் விசாரிக்கிறோம். இணையத்தில் பெயர் இருந்தால், கட்டடத்தின் படம் இருந்தால் திருப்தி. பிள்ளையை எந்தத் தகுதியின் பேரில் சேர்க்கிறார்கள் என்று கேட்பதில்லை. பட்டம் செல்லாமல் போவது பல வேளைகளில் இந்த இடத்தில்தான்.

என் மச்சாளின் மகளுக்கு நடந்தது இது. உயர்தரத்தில் இரண்டு பாடம்தான் சித்தி. ஒரு தனியார் நிலையம் "அதெல்லாம் பிரச்சினையில்லை" என்று வெளிநாட்டுத் தொலைக்கல்விப் பட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டது. தாயின் காப்பு இரண்டும் அடகுக்கடைக்குப் போயின. நாலு வருடம் கழித்து அரச வேலைக்கான நேர்முகத் தேர்வு. பிளாஸ்டிக் கோவையில் பட்டச் சான்றிதழை முதலாவதாக வைத்துக்கொண்டு போனாள். அதிகாரி அதைப் புரட்டிவிட்டு, "தங்கச்சி, ஏ.எல். சேர்டிபிக்கற் எங்கை?" என்றார்.

"மூண்டு பாடமும் தேவையில்லை எண்டு சொன்னவை, சேர்."

"அவைக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், பிள்ளை. எங்களுக்குத் தேவை."

கோவையை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

இது இங்கே மட்டும் நடப்பதல்ல. தமிழ்நாட்டில் பிளஸ் டூ இல்லாமல், பட்டமே இல்லாமல், வயதை மட்டும் பார்த்துத் திறந்தநிலை முறையில் நேரே எம்.ஏ.வுக்குச் சேர்த்த காலம் இருந்தது. 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், முதற்பட்டம் இல்லாமல் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 107ஆம் இலக்க அரசாணையைப் போட்டது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டங்கள் அரச வேலைக்குச் செல்லாது. அண்ணாமலை பெயர் பெற்ற, பழம்பெரும் பல்கலைக்கழகம். பெயர் காப்பாற்றவில்லை, பாருங்கள். 2022 மார்ச்சில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு அறிவித்தல் விட்டது: அண்ணாமலையின் தொலைக்கல்விக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் கொடுத்திருந்ததாம். இடையில் காசு கட்டிப் படித்த பிள்ளைகளின் நெஞ்சு எப்படிப் பதறியிருக்கும்!

நான் தொலைக்கல்விக்கு எதிரியல்ல. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இயங்குகிறது, அதன் பிராந்திய நிலையம் ஒன்று கொக்குவிலில் இருக்கிறது. உயர்தரம் சரிவராதவர்களுக்கும் அங்கே வழி உண்டு. ஆனால் நேரே பட்டத்துக்குள் தூக்கிப் போடமாட்டார்கள். அடிப்படைக் கற்கைநெறி ஒன்றை முடித்துத்தான் மேலே போகவேண்டும். சட்டப் படிப்பென்றால் நுழைவுப் பரீட்சையும் எழுதவேண்டும். துண்டுப்பிரசுரக்காரர் "அது வீண் மினக்கேடு" என்பார். அந்த மினக்கேடுதான் பின்னுக்கு உங்கள் பிள்ளையின் சான்றிதழைத் தாங்கும்.

காலக் கணக்கையும் பாருங்கள். எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின்படி சாதாரண இளமாணிப் பட்டத்துக்கு 90 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலப் படிப்பு. மொத்தம் 4500 மணித்தியாலம். நாள் தவறாமல் நாலு மணித்தியாலம் படித்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் இழுக்கும். "சனி ஞாயிறு இரண்டு மணித்தியாலம், ஒன்றரை வருடத்தில் டிகிரி" என்பவர் அந்த மணித்தியாலங்களை எங்கிருந்து எடுக்கிறார்?

காசு கட்டமுதல் அனுமதித் தகைமை என்னவென்று பல்கலைக்கழகத்தின் கடிதத் தலைப்பில், எழுத்தில் கேளுங்கள். நிலையத்தின் தாளில் தந்தால் வாங்காதீர்கள். மாணவர் பதிவிலக்கத்தைத் தருவது பல்கலைக்கழகமா, இடைத்தரகரா என்று பாருங்கள். கொழும்பு 7, வார்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அரச வேலைதான் நோக்கமென்றால், அந்த வேலைக்குக் கடைசியாக வந்த வர்த்தமானி அறிவித்தலை எடுத்து, கல்வித் தகைமைப் பகுதியைப் பிள்ளையோடு இருந்து வரிவரியாக வாசியுங்கள். "இண்டைக்குக் கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்துகிறார்களா? எழும்பி வந்துவிடுங்கள்.

மச்சாளின் காப்பு இன்னும் மீளவில்லை. மகள் இந்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இருபத்தாறு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு அதே டியூட்டரி வாங்கில் இருக்கிறாள். வாசலில் இப்போதும் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்களாம்.