காட்டில் மூடிய பாதை வரைபடத்தில் இருக்கலாமா?

சனிக்கிழமை காலை. நண்பர்களுடன் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையான பாதையிலிருந்து மெல்லிய ஒற்றையடிப் பாதை ஒன்று பிரிந்து காட்டுக்குள் போகிறது. அதன் முகப்பில் “நுழையக் கூடாது” என்ற பலகை. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தால், செயலியில் அதே இடத்தில் ஒரு புள்ளிக்கோடு தெரிகிறது. அந்த வழியே போனால் தூரம் பாதியாகக் குறையும் போலிருக்கிறது.

பலகையை நம்புவதா, கோட்டை நம்புவதா?

கோட்டை வரைந்தது யார்?

நடைப்பயணச் செயலிகள் பல, ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற வரைபடத் தரவைப் பயன்படுத்துகின்றன. பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீவ் கோஸ்ட் 2004ல் தொடங்கிய திட்டம் இது. கணக்கு ஒன்றைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் அதில் சாலையையும் கட்டடத்தையும் சேர்க்கலாம், திருத்தலாம்.

திறந்தவெளியில் உள்ள பாதையைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே வரைந்துவிடலாம். அடர்ந்த மழைக்காட்டில் அது முடியாது. மர உச்சிகள் தரையை மறைத்துவிடும். அங்கே ஜிபிஎஸ் தடங்கள்தான் உதவுகின்றன. ஆனால் அதே மரங்கள் ஜிபிஎஸ் சமிக்ஞையையும் பலவீனப்படுத்துகின்றன. சமிக்ஞை கிளைகளிலும் பாறைகளிலும் பட்டுச் சிதறி வருவதால், தடம் உண்மையான இடத்தைவிட்டுப் பல மீட்டர் விலகக்கூடும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. அந்த வழியாக யாரோ நடந்தார் என்பதை மட்டும்தான் ஜிபிஎஸ் தடம் காட்டும். நடக்க அவருக்கு அனுமதி இருந்ததா என்பதை அது காட்டாது.

ஏன் மூடுகிறார்கள்?

காட்டுத்தரை பஞ்சு போன்றது. மண் துகள்களுக்கு இடையில் உள்ள துளைகள் மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். பலர் மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது அந்தத் துளைகள் நசுங்கி, மண் இறுகிவிடும். உள்ளே இறங்க முடியாத நீர் மேற்பரப்பில் ஓடி மண்ணை அரித்துச் செல்லும். வேர்கள் வெளியே தெரியும். பாதை சேறாகிவிட்டால் நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்கிச் செல்வார்கள். அதனால் பாதை அகலமாகும், புதிய கிளைகளும் பிரியும்.

சேதமடைந்த பாதைகளையும் சரிவுகளையும் சீர்செய்வதற்காகப் புக்கிட் தீமா வனப்பகுதி 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. இடையில் வார இறுதிகளில் ஓரளவு திறக்கப்பட்டாலும், 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. மிதிபட்ட தரையைச் சரிசெய்ய எவ்வளவு காலம் தேவைப்படுகிறது, பாருங்கள். நமது இயற்கை வனப்பகுதிகளில் அனுமதிக்கப்பட்ட பாதையைவிட்டு விலகி நடந்தால் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

அழித்துவிட்டால் போதாதா?

“மூடிய பாதையை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது” என்று தோன்றலாம். வனத்தைப் பராமரிப்பவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. திரையில் தெரியும் கோடு சிலருக்கு அழைப்பிதழாகவே தோன்றும்.

ஆனால் தரையில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறதே! அடுத்த மாதம் இன்னொருவர் அதைப் பார்ப்பார். “அடடா, இதை யாரும் சேர்க்கவில்லையே” என்று நினைத்து, சாதாரண நடைபாதையாக மீண்டும் வரைந்துவிடுவார். வரைபடத்தில் உள்ள வெற்றிடம், பாதை மூடப்பட்டிருப்பதைச் சொல்வதில்லை. “இங்கே எதுவும் தெரியாது” என்று மட்டுமே சொல்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள வரைபடப் பங்களிப்பாளர்கள் கோட்டை அழிக்காமல், அதனுடன் குறிச்சொற்களைச் சேர்க்கிறார்கள்.

மக்கள் நடந்து நடந்து தானாக உருவான பாதைக்கு ‘இன்ஃபார்மல்=யெஸ்’ என்ற குறிச்சொல் இருக்கிறது. வீவக புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் புல்வெளியைக் குறுக்கே கடந்து போகும் தடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் நடப்பது தவறு என்று இந்தக் குறிச்சொல் சொல்லவில்லை. நுழையவே கூடாத பாதைக்கு ‘ஆக்சஸ்=நோ’ என்று குறிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு; குழப்பிக்கொள்ளக் கூடாது. செடிகொடிகள் வளர்ந்து தடமே மறைந்துவிட்டால், அப்போது கோட்டை நீக்கலாம்.

‘ஆக்சஸ்=நோ’ என்று இருந்தால், வழிகாட்டும் மென்பொருள் பொதுவாக அந்தப் பாதையைத் தவிர்த்து வேறு வழியைக் கணக்கிடும். வழிதவறி அங்கே போய்விட்டவருக்கோ, தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள அதே கோடு கைகொடுக்கும்; தேடி வருபவர்களுக்கும் உதவும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. எல்லாச் செயலிகளும் குறிச்சொற்களைப் படிப்பதில்லை. சில செயலிகள் மூடிய பாதையையும் திறந்த பாதையையும் ஒரே நிறத்தில் காட்டிவிடும். வரைபடத்தில் தகவல் சரியாக இருந்தும் பயனரின் கண்ணுக்கு அது வந்து சேராது.

உங்களால் முடிந்தது

அடுத்த முறை நடக்கப் போகும்போது, செயலிக்கும் பலகைக்கும் முரண்பாடு இருந்தால் பலகை சொல்வதைக் கேளுங்கள். வெளியே நின்றபடி பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பதற்காகப் பாதைக்குள் போக வேண்டாம். வீடு திரும்பியதும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த இடத்தில் ஒரு குறிப்பை விடலாம். “இந்த இடத்தில் நுழைவுத் தடைப் பலகை உள்ளது” என்று எழுதி, பார்த்த தேதியையும் சேர்த்தால் போதும். அனுபவமுள்ள ஒருவர் அதைப் பார்த்துக் குறிச்சொல்லைச் சேர்ப்பார்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகலாம். பிறகு அதே பிரிவுக்கு வந்து நிற்கும் இன்னொரு மாணவரிடம், பலகை சொல்வதையே அவருடைய கைத்தொலைபேசியும் சொல்லும்.