ஓதச் சுழலியும் மீன்களும்

நாள்தோறும் இருமுறை பொங்கி வடியும் கடலோதத்தின் பிரவாகத்தில் அடங்கிக் கிடக்கும் சக்தியை மின்சாரமாக்க முனைந்த மனிதன், அந்நீரையே வீடாகக் கொண்ட மீன்களுக்கு அதனால் என்ன நேரும் என்பதையும் ஆராயக் கடமைப்பட்டவன்.

இம்முயற்சியில் இருவகை உண்டு. கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாவில் 1984இல் தொடங்கிய அன்னபோலிஸ் நிலையம் கழிமுகத்தை அணையால் மறித்து, நீரைச் சுழலியின் வாய்க்குள் செலுத்தி, 20 மெகாவாட் மின்சக்தி பெற்றது. மீன்கள் செல்லத் தனி வழி அமைத்திருந்தும், பல மீன்கள் நீரோடு சேர்ந்து சுழலிக்குள்ளேயே இழுபட்டு மடிந்தன. மற்றொரு வகையில் அணையே இல்லை; திறந்த நீரோட்டத்தின் நடுவில் சுழலி தனியே நிற்க, மேலும் கீழும் பக்கங்களிலும் விலகிச் செல்ல மீனுக்கு இடம் இருக்கிறது. ஆனால், இருக்கும் வழியை மீன் பயன்படுத்துமா?

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், ஃபண்டி வளைகுடாவின் வாயிலருகே உள்ள காப்ஸ்குக் விரிகுடாவில், முறுக்கிய இறக்கைகள் கொண்ட ஒரு சுழலியை 2010இல் நீரில் இறக்கிச் சோதித்தபொழுது, மெயின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரவிலும் ஒலியலைகளால் உருவம் காட்டும் சோனார்க் கருவிகளை அதனருகே பொருத்தி, மீன்களின் நடத்தையைப் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். சுழலி அசையாது நின்றபொழுது அதனுள் நுழைந்ததைவிட, அது சுழலும்பொழுது மீன்கள் நுழைவது குறைந்தது. தனி மீனைக் காட்டிலும் கூட்டமாக வந்தவை சற்றுத் தொலைவிலேயே திரும்பின. சுழலிக்குப் பின்னால் உண்டாகும் சுழிநீரிலும் மீன்கள் தங்கின. இரவிலோ உட்புகும் மீன்கள் மிகுந்தன. அவற்றுள்ளும் சிறிய மீன்களுக்கே இருள் பெரும் பாதகமாயிற்று.

இதன் காரணத்தை மீனின் உடலமைப்பிலேயே காணலாம். தன் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பால் நீரின் நுண்ணசைவை மீன் உணர்கிறது. எனினும் அவ்வுணர்வு எட்டும் தூரம் குறுகியதாதலால், தொலைவிலேயே அபாயத்தை அறியக் கண்ணே துணை. பகலில் கண்ணால் கண்டு விலகும் மீன், இரவில் மிக அருகே வந்த பின்னரே விழித்துக்கொள்கிறது. நீந்தும் வலிமை குறைந்த சிறு மீனுக்கு அப்பொழுது ஓட்டத்தை எதிர்த்து ஒதுங்க அவகாசம் போதுவதில்லை.

ஆகவே, ஒற்றைச் சுழலியின் பகல்நேர வெற்றியைக் கண்டு திருப்தியடைவது விவேகமாகாது. பல சுழலிகளை வரிசையாக நிறுத்த எண்ணுவோர், இரவில் எந்த ஆழத்தில் எவ்வகை மீன்கள் செல்கின்றன என்பதை முதலில் அறிந்து, அந்தப் பாதையைத் தவிர்த்தே யந்திரத்துக்கு இடம் குறிக்க வேண்டும்.